பார்க்கவும் கேட்கவும் கற்றுத்தரும் குறும்படம்

சினிமா திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அந்த 24 படங்களில் ஒன்றுகூட அசைவதில்லை. நாயகன் ஓடுவதும் மழை பெய்வதும் இலை உதிர்வதும் படச்சுருளிலோ மெமரி கார்டிலோ எங்கும் இல்லை. அங்கே இருப்பவை எல்லாம் உறைந்து நிற்கும் படங்கள். அவற்றுக்கு அசைவைக் கொடுப்பது பார்ப்பவரின் மூளை.

விழித்திரையில் பிம்பம் சற்று நேரம் தங்கிவிடுவதால்தான் சினிமா அசைகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கம் போதாது. பிம்பம் தங்கிக்கொண்டே இருந்தால் படத்தின்மேல் படம் படிந்து கலங்கலாகத்தான் தெரியும். 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் வேறொன்றைக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகளை மாற்றி மாற்றி மின்னச் செய்தார். நடுவில் விடும் நேர இடைவெளி பொருத்தமாக அமைந்ததும் பார்த்தவர்கள் இரண்டு கோடுகளைக் காணவில்லை. ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதைக் கண்டார்கள். இரண்டு நிலைகளுக்கு நடுவே நடந்திராத பயணத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாகக் குறும்படம் எடுக்கிறார்கள். முடித்தபின் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் கேமரா, லைட்டிங், சவுண்ட், எடிட்டிங் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தக் குழுக்களோடு இருந்து கவனித்தவன் என்ற முறையில், அவர்கள் கற்றது அதைவிட ஆழமானது என்பேன். மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது, காது எதைக் கேட்காமல் விடுகிறது, மூளை எதை இட்டு நிரப்புகிறது என்பதையெல்லாம் அவர்கள் கையால் செய்து தெரிந்துகொள்கிறார்கள். குறும்படத்தின் ஒவ்வொரு நுட்பத்துக்கும் அடியில் நம் புலன்களைப் பற்றிய ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது.

எளிய காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்டு வாங்கிய ஒரு வீட்டின் கூடம். ஜன்னலோரம் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். மகள் டீ கொண்டுவந்து வைக்கிறாள். "அப்பா, எனக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு" என்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நடிக்க இருவர், ஒரு டம்ளர், ஒரு ஜன்னல். இதை எடுத்து முடிப்பதற்குள் என்னென்ன நடக்கும் என்று பார்ப்போம்.

எது வெள்ளை?

கூடத்தில் நின்று வெறும் கண்ணால் பார்த்தால் அப்பாவின் வேட்டி வெள்ளைதான். கேமரா திரையில் பார்த்தால் கதை வேறு. ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் நீலம் ஓடியிருக்கிறது. மூலையில் எரியும் குண்டு பல்பின் பக்கம் மஞ்சள் ஏறியிருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதோ என்று புதிதாக வரும் மாணவர் நினைப்பார். உண்மையில் கேமரா விழுந்த ஒளியை அப்படியே பதிவுசெய்கிறது. அந்த நிறத்தைத் திருத்திக் காட்டியது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளை.

கொல்லுப்பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் செந்நிறமாகவும் பிறகு மஞ்சளாகவும் சூடு ஏற ஏற வெளுத்தும் ஒளிர்வதைப் பார்க்கலாம். சூட்டுக்கு ஏற்ப ஒளியின் நிறம் மாறும் இந்த இயல்பை வைத்துத்தான் ஒளிப்பதிவாளர்கள் வெளிச்சத்தைக் கெல்வின் அளவில் குறிக்கிறார்கள். குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 2700 கெல்வின். படப்பிடிப்புக்கான டங்ஸ்டன் விளக்கு 3200. பகல் வெளிச்சத்துக்கு 5600 என்று வைத்துக்கொள்வார்கள். நேர் வெயில் படாமல் நீல வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழலில் 7000ஐத் தாண்டும். கெல்வின் ஏற ஏற நீலம் கூடும்.

இத்தனை மாறும் வெளிச்சத்திலும் நமக்கு வேட்டி வெள்ளையாகவே தெரிவதற்குக் காரணம், மூளை முதலில் வெளிச்சத்தின் நிறத்தை ஊகித்து அதைக் கழித்துவிடுவது. கழித்தபின் மிஞ்சுவதைத்தான் பொருளின் நிறமாக நமக்குக் காட்டுகிறது. பழுத்த பழம் காலையிலும் மாலையிலும் பழுத்த பழமாகவே தெரிந்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் வளர்ந்த திறன் இது. 2015இல் இணையத்தில் உலகையே இரண்டாகப் பிரித்த ஒரு கவுனின் புகைப்படம் நினைவிருக்கலாம். சிலருக்கு அது நீலமும் கறுப்பும். சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதற்கு அதில் தெளிவான குறிப்பு இல்லை. ஆகவே ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு வெளிச்சத்தை ஊகித்துக் கழித்தது. அந்தத் துணி உண்மையில் நீலமும் கறுப்புமாக இருந்தது.

கேமராவுக்கு இந்த ஊகத்தை மாணவர்தான் சொல்லித்தர வேண்டும். நடிகர் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவில் ஒயிட் பேலன்ஸ் செய்ய வேண்டும். ஜன்னலோடு ஒத்துப்போகாத குண்டு பல்பை அணைக்க வேண்டும். அல்லது அந்த மஞ்சளை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளலாம். இந்த முடிவைச் சிலமுறை எடுத்த மாணவருக்குப் பிறகு எந்த அறைக்குள் நுழைந்தாலும் சுவரில் விழும் நிறம் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

ஒளியின் அளவிலும் இதே கதைதான். நண்பகல் வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப் லைட் போட்ட கூடத்தில் சில நூறு லக்ஸ்கூடத் தேறாது. நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு. கண்ணோ வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அதற்குப் பழகிவிடுகிறது. கேமராவில் அப்பாவின் முகம் தெரியும்படி வைத்தால் ஜன்னல் வெளுத்துப்போகும். ஜன்னலைச் சரிசெய்தால் முகம் இருண்டுபோகும். அப்போதுதான் தெர்மாகோல் வருகிறது. ஜன்னல் ஒளியை அந்த வெள்ளைப் பலகையில் வாங்கி முகத்தின் இருண்ட பக்கத்துக்குத் திருப்புவார்கள். பெரிய படங்களின் படப்பிடிப்பிலும் இன்றுவரை வழங்கும் உத்தி இது.

விளக்கை எங்கே வைப்பது என்பதற்குப் பள்ளி இயற்பியல் போதும். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். விளக்கை அப்பாவுக்கு ஒரு மீட்டரிலும் மகளுக்கு இரண்டு மீட்டரிலும் வைத்தால், அவருக்கு விழுவதில் கால் பங்குதான் அவளுக்கு விழும். அதே விளக்கைப் பின்னால் தள்ளி அவருக்கு நான்கு மீட்டர், அவளுக்கு ஐந்து மீட்டர் என்று வைத்தால் அவளுக்கு 64 சதவீதம் கிடைத்துவிடும். விளக்கைத் தள்ளிவைத்தால் வெளிச்சம் குறைகிறது; ஆனால் சமமாகப் பரவுகிறது. பாடப்புத்தகத்தில் சூத்திரமாக இருந்தது இங்கே இரண்டு முகங்களில் தெரிகிறது.

துடிக்கும் டியூப் லைட்

மாலையானதும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு எடுக்கிறார்கள். எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்கின்றன. கண்ணால் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை.

இந்தியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொட்டு, இரண்டு முறை ஒன்றுமில்லாமல் போகிறது. ஆகவே சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கித்தான் எரிகிறது. மலிவான எல்இடி பல்புகள் பலவும் அப்படியே. நம் கண்ணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 60 முதல் 90 துடிப்புக்கு மேல் போனால் துடிப்பே தெரியாது. ஒரே சீரான வெளிச்சமாகிவிடும். கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவுசெய்கிறது. விளக்கு பிரகாசமாக இருக்கும் கணத்தில் பதிந்த வரிகள் வெளுத்தும், மங்கும் கணத்தில் பதிந்தவை இருண்டும் விடுகின்றன. அவைதான் பட்டைகள்.

தீர்வு ஓர் எளிய கணக்கு. நொடிக்கு 100 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 10 மில்லி நொடி. ஷட்டரை 1/50 நொடி, அதாவது 20 மில்லி நொடி திறந்து வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு முழுத் துடிப்பு கிடைக்கும், பட்டை மறையும். 1/60 நொடி வைத்தால் கிடைப்பது ஒன்றேமுக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு; பட்டை வரும். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று என்பதால் அங்கே 1/60தான் சரி. அங்குள்ளவர் நடத்தும் யூடியூப் பாடத்தைப் பார்த்து இங்கே அப்படியே வைத்தால் பட்டை வருவது இதனால்தான். செல்போனிலேயே ப்ரோ மோடில் ஷட்டரை மாற்றி இதைச் சோதித்துப் பார்க்கலாம். மின்வாரியத்தின் மின்னோட்டமும் கேமராவின் ஷட்டரும் ஒரே கணக்கில் வந்து சேரும் இடம் அது.

காது விலக்கியதை மைக் விலக்காது

"டேய், ஃபேன நிறுத்துடா!" ஒவ்வொரு மாணவர் படப்பிடிப்பிலும் ஒலிக்கும் குரல் இது. மே மாத வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துத் துடைத்து நடிக்க வைப்பார்கள். பேசும்போது ஃபேன் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. பதிவில் அதுதான் முதலில் கேட்கிறது.

கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசினாலும் நம்மால் ஒருவர் பேச்சைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953இல் இதைச் சோதித்தார். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறு பேச்சு. ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பிச் சொன்னவர்களுக்கு மறு காதில் கேட்ட பேச்சின் பொருள் கிட்டத்தட்ட எதுவுமே நினைவில் இல்லை. எது வேண்டும் என்று மூளை முடிவு செய்தபின் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடும் இதற்குத் துணை. ஒற்றை மைக்குக்கு அந்தத் துணையும் இல்லை, விருப்பு வெறுப்பும் இல்லை.

ஆகவே சவுண்ட் பார்க்கும் மாணவர் முதலில் ஒரு வேலை செய்வார். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு என்னென்ன சத்தம் இருக்கிறது என்று எண்ணுவார். ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, மறுபடி போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைக்கும் வழக்கம் ஒலிப்பதிவாளர்களிடம் உண்டு. சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா!

அடுத்தது மைக்கின் தூரம். தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. எனவே மைக் விலக விலகக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். நேரில் கேட்கும்போது இந்த எதிரொலியையும் மூளை அடக்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. நுனியில் மைக் கட்டிய பூம் கம்பைப் பிடிக்கும் மாணவர், படச்சட்டத்தின் விளிம்புக்கு மேலே எவ்வளவு நெருக்கமாக இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிப் பிடித்துக் கை நோக நிற்பது இதற்காகத்தான். கேமரா பார்க்காத சுவர்களில் ஜமுக்காளமும் போர்வையும் தொங்குவதும் எதிரொலியை உறிஞ்சத்தான்.

எல்லாம் முடிந்தபின், யாரும் அசையாமல் பேசாமல் நிற்க, காலிக் கூடத்தின் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்வார்கள். இதற்கு ரூம் டோன் என்று பெயர். வசனங்களுக்கு நடுவே ஒலியை முழுவதுமாக வெட்டிவிட்டால் பார்ப்பவர் ஏதோ கோளாறு என்று உடனே திடுக்கிடுவார். அந்த இடைவெளிகளில் ரூம் டோனைப் பரப்பினால்தான் அமைதி அமைதியாகக் கேட்கும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி மௌனம் உண்டு என்பதை வேறு எந்தப் படிப்பும் இவ்வளவு நேராகச் சொல்லித்தருவதில்லை.

பதிவைக் கேட்கும்போது நடித்தவருக்கும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. "இது என் குரலா?" என்பார். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நமக்கு வருவதில்லை. மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த சுருதிகளை நன்றாகக் கடத்தும். அதனால் நம் குரல் நமக்குக் கனமாகவும், பதிவில் மெலிந்தும் கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்டுவந்தது அந்த மெலிந்த குரலைத்தான்.

கிளாப் அடிப்பதன் ரகசியம்

படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகின்றன. இரண்டையும் இணைக்கத்தான் கிளாப். பலகையின் இரு கட்டைகளும் மோதும் படம் ஒன்று. ஒலிப்பதிவில் அந்த 'டக்' கூரிய முள்ளாக எழும் இடம் ஒன்று. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துவிட்டால் அந்த ஷாட் முழுவதும் உதடும் சொல்லும் ஒத்துப்போகும்.

எவ்வளவு பிசகினால் தெரியும்? ஒலிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று இதைக் கணக்கிட்டிருக்கிறது. படத்தைவிட ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒலி பிந்தினாலோ 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை. இந்தப் பாரபட்சத்துக்குக் காரணம் இயற்கையில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஒரு ஃபிரேம் ஓடும் நேரத்தில் அது கடப்பது 14 மீட்டர். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரின் கை முதலில் தெரியும். சத்தம் பிறகு வரும். ஒலி முந்தி வந்து காட்சி பிந்தி வரும் நிகழ்ச்சியை மனித இனம் ஒருநாளும் கண்டதில்லை. பிந்தும் ஒலியை மன்னிக்கும் மூளை, முந்தும் ஒலியை மன்னிப்பதில்லை. எடிட்டிங்கில் ஒரு ஃபிரேம் இப்படியா அப்படியா என்று தடுமாறும் மாணவர் இதை உடம்பாலேயே உணர்ந்துவிடுகிறார்.

உதட்டையும் நாம் கேட்கிறோம். ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒலி 'பா' என்கிறது. திரையில் தெரியும் வாய் 'கா' என்கிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் கேட்கவில்லை. நடுவிலுள்ள 'டா' போன்ற ஓர் ஒலியைக் கேட்டார்கள். கண்ணை மூடினால் மறுபடி 'பா' கேட்டது. டப்பிங்கில் இருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். உதடுகள் ஒட்டும் ப, ம வரும் இடங்களில் வாயும் சொல்லும் பொருந்திவிட்டால் மற்ற எழுத்துகள் கொஞ்சம் விலகினாலும் யாரும் கவனிப்பதில்லை. ப, ம இரண்டும் இதழ்கள் பொருந்துவதாலும் வ பல்லும் இதழும் சேர்வதாலும் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்து வைத்திருக்கிறது. டப்பிங் கூடத்தில் உட்காரும் தமிழ் மாணவருக்கு அது இன்றும் வேலைக்கு உதவும் பாடம்.

வெட்டு ஏன் வலிப்பதில்லை?

அப்பாவின் முகம். வெட்டு. மகளின் முகம். வெட்டு. டம்ளர். ஒரு கணத்தில் அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தூக்கியெறியப்படுகிறோம். வாழ்க்கையில் அப்படி நடந்தால் தலை சுற்றும். சினிமாவில் சுற்றுவதில்லை.

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். மாறி மாறிப் பார்த்தாலும் உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். நம் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கலை மூளை அடக்கிவிடுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் நாம் பார்ப்பது துண்டு துண்டான காட்சிகளைத்தான். அவற்றைத் தொடர்ச்சியாகக் கோத்துக் கொடுப்பது மூளையின் பணி. எடிட்டரின் வெட்டு அந்தப் பழக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது.

கண் சிமிட்டலும் இதில் பங்கு வகிக்கிறது. 'தி கான்வர்சேஷன்' படத்தை எடிட் செய்துகொண்டிருந்தபோது வால்டர் மர்ச் ஒன்றைக் கவனித்தார். அவர் வெட்ட நினைக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே நடிகர் ஜீன் ஹாக்மன் கண் சிமிட்டினார். ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் மனிதர் சிமிட்டுகிறார், அதுவே வெட்டுக்கான இடம் என்று மர்ச் எழுதினார். 2009இல் தமாமி நாகானோ தலைமையிலான ஜப்பானிய ஆய்வுக் குழு 'மிஸ்டர் பீன்' காட்சிகளைப் பலருக்குக் காட்டியபோது, பார்ப்பவர்கள் ஒரே இடங்களில் சேர்ந்தாற்போல் சிமிட்டினார்கள். ஒரு செயல் முடியும் இடங்களும், முக்கியப் பாத்திரம் திரையில் இல்லாத இடங்களும் அவற்றில் அடங்கும். எதையும் தவறவிடாத கணத்தைத் தேர்ந்து கண் தானாகவே மூடிக்கொள்கிறது.

எடிட்டிங் மேசையில் மாணவர் முதலில் கற்கும் உத்தி, அசைவின் நடுவில் வெட்டுவது. அப்பா டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறார். கை பாதி வழியில் இருக்கும்போது வெட்டி, மீதி அசைவை நெருக்கக் காட்சியில் தொடர வேண்டும். டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2008இல் பார்வையாளர்களிடம் வெட்டைக் கண்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெட்டைத் தேடுவதே வேலையாக உட்கார்ந்திருந்தும், அசைவின் நடுவில் விழுந்த வெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை அவர்கள் தவறவிட்டார்கள். கவனம் கையோடு போய்விட்டது.

இன்னொரு விதி 180 பாகை. அப்பாவையும் மகளையும் இணைக்கும் ஒரு கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி எடுத்தால் திரையில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். எதிரெதிரே பேசுவதாகத் தோன்றாது. இரண்டு மூன்று ஷாட்டுகளைக் கொண்டே மூளை அந்தக் கூடத்தின் வரைபடத்தைப் போட்டு வைத்திருக்கிறது. கோடு தாண்டினால் அந்த வரைபடம் குலைகிறது.

டம்ளர் இடம் மாறினால்

ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் கவனிக்கும், கன்டினியூட்டி பார்ப்பவரின் நோட்டில் எல்லாம் இருக்கும். டம்ளரில் டீ எவ்வளவு, செய்தித்தாள் எந்தப் பக்கம் விரிந்திருந்தது, மகளின் துப்பட்டா எந்தத் தோளில். ஒரே காட்சியின் ஷாட்டுகளைக் காலையிலும் மாலையிலும் பிரித்து எடுப்பதால் இந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

1997இல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற உளவியலாளர்கள் தாங்களே ஒரு குறும்படம் எடுத்தார்கள். இரண்டு பெண்கள் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெட்டுக்கு வெட்டு வேண்டுமென்றே ஒன்பது மாற்றங்களைச் செய்தார்கள். கழுத்தில் இருந்த ஸ்கார்ஃப் காணாமல் போகும். தட்டுகளின் நிறம் மாறும். பார்த்தவர்களில் ஏறக்குறைய யாருமே கவனிக்கவில்லை. இன்னொரு படத்தில் ஒரு வெட்டில் நடிகரையே மாற்றினார்கள். அதையும் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கண்முன் இருப்பதையெல்லாம் மூளை சேமித்து வைப்பதில்லை. கதைக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்பப் பார்த்தால் போயிற்று என்று விட்டுவிடுகிறது.

அப்படியானால் கன்டினியூட்டி நோட்டு எதற்கு? கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே பிழை உடனே தெரியும் என்பதற்காக. மகள் வேலையைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்பவர் கண் அப்பாவின் முகத்தில் இருக்கும். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் தாவினாலும் போகட்டும். அவர் டம்ளரை நடுங்கும் கையால் எடுக்கும் ஷாட்டில் டீயின் அளவு மாறினால் காட்சியே உடையும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்தறியும் இந்தத் திறன்தான் நல்ல இயக்குநரை உருவாக்குகிறது.

முகத்தில் இல்லாத துக்கம்

உலகின் முதல் திரைப்படக் கல்லூரி 1919இல் மாஸ்கோவில் தொடங்கியது. புரட்சியைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஃபிலிம் சுருள் கிடைக்கவில்லை. அங்கே பட்டறை நடத்திய இளம் ஆசிரியர் லெவ் குலெஷோவ், தம் மாணவர்களைச் சுருளே இல்லாமல் மேடையில் ஷாட் ஷாட்டாக நடிக்க வைத்துப் பழக்கினார்; பழைய படங்களை வெட்டி ஒட்டி ஆராய்ந்தார். அந்த மாணவர்களில் ஒருவரான புதோவ்கின் பிற்பாடு 'தாய்' படத்தை இயக்கினார்.

புதோவ்கின் விவரித்த சோதனை புகழ்பெற்றது. மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகம் ஒன்றை எடுத்து, அதற்கடுத்து ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணையும், ஒருமுறை விளையாடும் குழந்தையையும் ஒட்டினார்கள். ஆழ்ந்த சிந்தனையை, துக்கத்தை, பூரிப்பை அவர் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார் என்று பார்த்தவர்கள் வியந்தார்களாம். மூன்றிலும் இருந்தது ஒரே முகம். அந்தச் சுருள் இன்று இல்லை. 1992இல் அமெரிக்காவில் இச்சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. 2006இல் மூளை ஸ்கேனோடு செய்த ஆய்வில், சூழலுக்கு ஏற்ப அதே முகத்தை மக்கள் வேறு விதமாக மதிப்பிட்டது தெரிந்தது. பழைய கதை சொல்லும் அளவுக்கு மாயம் இல்லாவிட்டாலும், முன்னும் பின்னும் வருவதை வைத்தே நாம் முகத்தைப் படிக்கிறோம் என்பது நிலைத்துவிட்டது.

நம் காட்சியில் மகள் சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். அந்த முகத்துக்குப் பின் சுவரில் மாட்டிய அம்மாவின் மாலையிட்ட படத்தை வைத்தால் அது தனிமையின் பயம். மேசையிலிருக்கும் கல்விக்கடன் கடிதத்தை வைத்தால் அது நிம்மதி. நடித்தவர் எதையும் மாற்றவில்லை. இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்த மாணவர், செய்திக் காணொளியையோ வாட்ஸ்அப்பில் வரும் துண்டையோ பழையபடி பார்க்கவே மாட்டார். இதற்கு முன் என்ன இருந்தது, எங்கே வெட்டினார்கள், ஒலி அந்த இடத்தில் பதிவானதா பிறகு சேர்த்ததா என்ற கேள்விகள் தாமாக எழும்.

இந்தத் திறன் விஸ்காம் மாணவருக்கு மட்டும் உரியதாக இருந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே வீடியோ பார்க்கிறார்கள். எழுத்துக்கு இலக்கணம் சொல்லித்தரும் நாம் அசையும் படத்துக்கு ஒன்றும் சொல்லித்தருவதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் 2022இல் தொடங்கியது. நல்ல தொடக்கம். அடுத்த படியாக அவர்களை எடுக்க வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆசிரியரிடம் இருக்கும் ஒரு செல்போன், ஒரு தெர்மாகோல் அட்டை, சுவரில் தொங்கவிட ஒரு போர்வை, இலவசமாகக் கிடைக்கும் ஓர் எடிட்டிங் செயலி போதும். தூரத்தோடு ஒளி குறையும் விதி, ஒலியின் வேகம், மாறுமின்னோட்டத்தின் துடிப்பு, கண்ணின் அமைப்பு என்று பள்ளி அறிவியல் பாடத்தில் பல அந்த மூன்று நிமிடப் படத்துக்குள் வந்துவிடும்.

அறிவியல் ஆசிரியர்களே, இந்த ஆண்டு ஒரு வகுப்புக்காவது ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். படம் நன்றாக வருகிறதா என்பது இரண்டாம் பட்சம். எடுத்த பிள்ளைகள் அதன்பிறகு பார்ப்பதும் கேட்பதும் நிச்சயம் மாறியிருக்கும்.